மேகாத்தில் பழகிய கை

தோள்பட்டை வலி உள்ளவர்களை அவர்கள் சட்டை போடுவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வலிக்கிற கையைத்தான் முதலில் நுழைப்பார்கள். நல்ல கை எப்படியும் வளைந்து பின்னால் வந்துவிடும். நான் வலது கையை முதலில் நுழைக்கிறவன். ஊர் அணிக்காக இருபது வருஷத்துக்கு மேல் பந்து போட்ட கை அது. காலையில் எனக்கு முன்பே விழித்துக்கொண்டு முனக ஆரம்பித்துவிடும்.

வீடு காமயகவுண்டன்பட்டியில். வேலை கம்பத்தில், ஒரு பூச்சிமருந்துக் கடையில். காலையில் போய் நின்றால் இரவு ஷட்டரை இறக்கும்வரை நின்றபடிதான். திராட்சைக்குச் சாம்பல்நோய், வாழைக்கு இலைப்புள்ளி, நெல்லுக்குக் குருத்துப்பூச்சி என்று ஆளாளுக்கு ஒரு இலையைப் பறித்துக்கொண்டு வருவார்கள். இலையைத் திருப்பிப் பார்த்து, மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்படி அடிக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். நாற்பதைத் தாண்டிய உடம்புக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். ஞாயிற்றுக்கிழமையாவது யாரும் என் மூக்குக்கு நேரே இலையை நீட்டாத இடத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றும். அவ்வளவுதான்.

அந்த இடத்திலும் எனக்கென்று ஒன்று இருந்தது. முதல் ஓவர். எங்கள் அணி களத்தில் இறங்கியதும் புதுப்பந்து யாரையும் கேட்காமல் என் கைக்கு வந்துவிடும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை, பேசி முடிவு செய்யவும் இல்லை. கோயிலில் முதல் மரியாதைக்காக முறுக்கிக்கொண்டு நிற்கும் பெரிய மனிதர்களை நான் நிறையக் கேலி செய்திருக்கிறேன். எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்பது, அது போகப்போகிறது என்றபோதுதான் தெரிந்தது.

அதைச் சொல்ல வந்தவன் என் மனைவியின் தம்பி. அவன்தான் எங்கள் கேப்டன், கீப்பரும் அவனே. ஊருக்கு மேற்கே சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். சித்திரையில் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். கறிக்குழம்பு முடிந்து ரசம் ஊற்றும்வரை பொறுமையாக இருந்தான்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

கோபித்துக்கொள்ளும்படியான ஒன்றைச் சொல்லப்போகிறவன்தான் இப்படி ஆரம்பிப்பான். "சொல்லு மாப்ள" என்றேன்.

"வேகம் கொறஞ்சுபோச்சு மாமா. வர்றவன் போறவன் எல்லாம் ரெண்டு எட்டு முன்ன வந்து தூக்குறான். ஆயுத பூசைக்குத் தேனியில மேட்ச் வருது. முத ஓவரை அந்தக் காலேஜ் பயகிட்டக் கொடுப்போம்னு பசங்க சொல்றானுக."

காலேஜ் பயல் என்றால் எங்கள் தெருக்காரன்தான். இரண்டு வருஷமாக எங்களோடு ஆடுகிறான். ஓடிவரும்போதே புழுதி கிளம்பும். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கே சங்கடமாகிவிட்டது போல.

"ஒண்ணு, பந்து வளைஞ்சு சுவிங் ஆகணும். இல்லையா, சொன்ன எடத்துல விழணும். ரெண்டுல ஒண்ணு இருந்தாப் போதும், வேகம் வேணாம். நான் பசங்ககிட்டப் பேசிக்கிறேன் மாமா."

"ஏண்டா, சோத்துல கை வச்சிருக்க மனுசன்கிட்டயா இதப் பேசுவ?" என்று அவன் அக்காள் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் விட்டுத் தொலைங்களேன். தெனமும் அந்தத் தோளுக்கு வெந்நி ஒத்தடம் கொடுத்து என் கையே வெந்துபோச்சு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்திருக்க வேண்டாம். அது வந்த நாளில் இருந்துதான் என் தூக்கம் போயிற்று.

மறுநாளே ஆரம்பித்தேன். ஊருக்கு மேற்கே மலையடிவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு பொட்டல் இருக்கிறது. அதுதான் எங்கள் மைதானம். வடக்குக் கோடியில் கருவேலம் புதர். தெற்குக் கோடியில் ஓட்டம் நின்றுபோன ஒரு பம்புசெட்டு ரூம். கீப்பருக்குத் தப்பிய பந்து ரூம் சுவரில் மோதி நின்றுவிடும், புதருக்குள் போனால் தேடிச் சாக வேண்டும் என்பதால், யார் போட்டாலும் வடக்கிலிருந்து தெற்கேதான் போடுவது. விக்கெட்டுக்கு விரிக்கும் நார்ப்பாயும் அந்த ரூமுக்குள்தான் சுருட்டிக் கிடக்கும்.

விடியும் நேரத்தில் மச்சினன் கையுறையோடு வந்துவிடுவான். தோட்டத்துக்குப் போகும் முன் எனக்குக் கீப்பிங் நிற்பான். என்னைத் தூக்கிவிடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, தூக்காமலிருக்கக் காலையில் எழுந்து வந்து நின்ற அவனைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

பாயின் மேல், ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, பந்து குத்த வேண்டிய இடத்தில் என் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்தேன். வெறுங்காலில் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து போட்டேன். செருப்புக்கு முன்னால் விழுந்தது. பின்னால் விழுந்தது. ஒருமுறை மச்சினனின் முழங்காலில் விழுந்தது. செருப்பு மட்டும் பத்திரமாக இருந்தது. கடையில் கிழிந்த செருப்பைத் தைக்கக் கொடுத்தால்கூட இவ்வளவு பத்திரமாகத் திரும்பி வராது.

சுவிங் அதைவிட மோசம். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் செல்போனில் வீடியோ பார்ப்பேன். பந்தின் தையலைச் சாய்த்துப் பிடி, மணிக்கட்டைப் பின்னால் வை, ஒரு பக்கத்தை மட்டும் பளபளவென்று வைத்துக்கொள் என்று ஒருவர் சொல்வார். அடுத்த வீடியோவில் இன்னொருவர், அதெல்லாம் இல்லை, தோளைத் திருப்பு என்பார். ஒரு பக்கத்தைப் பேண்ட்டில் தேய்த்துத் தேய்த்து, தொடையில் சிவப்பாகக் கறை பிடித்துவிட்டது. "ரத்தக் காயம் பட்டவன் மாதிரி வந்து நிக்கிறீக, துவைக்கிறவ நான்தான" என்று மனைவி பேண்ட்டை என் முகத்துக்கு நேரே உதறிக் காட்டினாள். பந்தோ, நூல் பிடித்த மாதிரி நேராகவே போய்க்கொண்டிருந்தது. சித்திரை வெயில். ஒரு இலை அசையாத காலைகள் அவை. முக்கால் மணி நேரத்தில் பனியன் பிழிகிற மாதிரி ஆகிவிடும். அப்படியே குளித்து, கம்பத்துக்கு வண்டியை மிதித்தால், கடையில் மத்தியானத்துக்கு மேல் நின்றுகொண்டே கண்ணயர்வேன்.

வைகாசி பாதியில் ஒரு காலை. முந்தின நாள் பார்த்த வீடியோவில், கட்டைவிரலைத் தையலுக்கு நேர் கீழே, விளிம்பு மட்டும் படும்படி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படி வைத்துப் போட்டேன். பந்து கையை விட்டு நேராகக் கிளம்பியது. பாதி தூரம் போனதும், யாரோ கூப்பிட்டது போல் இடது பக்கமாக ஒதுங்கியது. பேட்ஸ்மேன் நின்றிருந்தால் அவன் மட்டையைத் தொட்டும் தொடாமலும் வெளியே போயிருக்கும். மச்சினன் குதித்துத்தான் பிடித்தான்.

"ஏலே, பாத்தியா?" என்று கத்தினேன்.

"பாத்தேன் மாமா. இன்னொண்ணு போடுங்க."

இன்னொன்றும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புழுதி விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினேன். உண்மையிலேயே புழுதியும் விழுந்திருந்தது. அன்றைக்கு அப்படிப் பறந்துகொண்டிருந்தது. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. கட்டைவிரலைத்தான் யோசித்தேன்.

அதன் பிறகு ஆனி, ஆடி, ஆவணி. காய்ச்சல் வந்த ஒரு நாள் தவிர, விடாமல் போனேன். பந்து வெளியே போகிற அளவு பிடிபட்டதும், செருப்பை அடிப்பதும் தானாகப் பிடிபட்டது. செருப்பைப் பார்த்துப் போட்டால் விழாது. அதற்கு ஒரு சாண் வலப்பக்கம், லெக் ஸ்டம்பைப் பார்த்துப் போட வேண்டும். பந்து தானாக வந்து செருப்பில் குத்தும். முதலில் மனக்கணக்குப் போட்டுப் போட்டேன். போகப் போகக் கணக்குத் தேவைப்படவில்லை, கையே போட்டது. செருப்பின் வார் பிய்ந்து, அடிப்பாகத்தில் பந்தின் சிவப்பு ஏறி, மனைவி அதை வாசலில் வைக்கக்கூட விடவில்லை.

ஒரு நாள் ஆசை மிஞ்சி, உள்ளே வருகிற பந்தையும் கற்றுக்கொள்ளலாம் என்று தையலை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தேன். அப்போதும் வெளியேதான் போயிற்று. பளபளப்பை மாற்றி வைத்தேன். அப்போதும் அப்படித்தான். "சிலருக்கு இன்சுவிங் வராது மாப்ள. இது அவுட்சுவிங் கை" என்று மச்சினனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். அவன் திருப்பி எறிகிற பந்தும் எனக்கு நேரே வராமல் கிழக்கே ஒதுங்கி ஒதுங்கிப் போகும். ஒவ்வொன்றுக்கும் நான் ஓட வேண்டியிருந்தது. "நேரா எறியத் தெரியாதாலே ஒனக்கு?" என்று அவனை எத்தனையோ நாள் வைதிருக்கிறேன். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

இந்த மாதங்களில் கடையில் நான் பேசிய பேச்சையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வைகாசி பாதியில் மேற்கே மலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். மேகாத்து என்போம். இறங்கினால் ஆவணி வரைக்கும் இரவு பகல் பார்க்காது. வாழைக்கு முட்டுக் கொடுப்பார்கள், தென்னை மட்டை விழும் என்று மரத்தடியில் வண்டியை நிறுத்த மாட்டார்கள். மருந்து வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்லும் முதல் வார்த்தையே காற்றைப் பற்றித்தான். "காத்துக்கு முதுகைக் கொடுத்து நின்னு அடிங்க. எதுக்க நின்னு அடிச்சீகன்னா மருந்து பூராவும் ஒங்க மூஞ்சிக்குத்தான்." குறுக்குக் காற்றில் அடித்தால் மருந்து உங்கள் வரிசைக்கு விழாது, பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குத்தான் போகும், அதனால் அதற்குத் தக்கபடி ஒதுங்கி நின்று அடிக்க வேண்டும் என்று கையை நீட்டி, சாய்த்து, விளக்கிக்கூடக் காட்டுவேன். தொண்டை வறளச் சொல்வேன். சொல்லிவிட்டு, ஆள் போனதும், கட்டைவிரலை எங்கே வைப்பது என்று வீடியோ பார்ப்பேன்.

சேதி ஊரில் பரவியது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் ஆடும்போது எல்லோரும் என் பந்தில் மட்டையை விட்டு ஏமாந்தார்கள். டீக்கடையில் "சுவிங் மாமா வந்துட்டாக, எந்திரிச்சு எடம் விடுங்கலே" என்று கேலி பேசினார்கள். அது கேலிதான். ஆனாலும் அன்றைக்கு டீ கொஞ்சம் நன்றாக இருந்தது. வீட்டில் வெந்நீர் ஒத்தடத்தின் சூடு மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. எழுந்து உட்கார மனைவி முதுகுக்குக் கை கொடுக்க வேண்டியிருந்த காலைகளும் உண்டு. "ஆயுத பூசை முடியட்டும்" என்பேன். "அப்புறம் தைப்பொங்கல் முடியட்டும்பீக" என்பாள்.

ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு காலை மட்டும் போகவில்லை. மறுநாள் காய்ச்சலோடு போனேன். மச்சினன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "படுத்துக் கெடக்க வேண்டியதுதான மாமா" என்றான். ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போல் இருந்தது. நான் செருப்பைக் கழற்றிப் பாயில் வைத்தேன். அவன் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றான்.

புரட்டாசியில் மழை ஆரம்பித்து எங்கள் பொட்டல் சேறாகிவிட்டது. பாயை விரிக்க வழியில்லை. இரண்டு வாரம் பழக்கம் இல்லாமல் கிடந்தேன். பரவாயில்லை, கைக்குத்தான் தெரியுமே என்று இருந்தேன்.

ஆயுத பூஜை விடுமுறையில் தேனிக்குப் போனோம். வேனுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கடையிலிருந்து நான் கொண்டுபோன பொரிப் பொட்டலத்தை ஆளுக்குக் கொஞ்சம் தின்றுகொண்டே போனோம். மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. மேகம் மூடிக் கிடந்தது. ஒரே புழுக்கம். பவுண்டரிக் கோட்டுக்கு ஓரமாகக் கட்டியிருந்த கொடிகள் துவைத்துக் காயப்போட்ட துண்டு மாதிரி தொங்கின. நான் அதைப் பார்த்தேன். "சரியான புழுக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

மச்சினன் டாஸில் தோற்று வந்தான். புதுப்பந்தை என் கையில் வைத்தான். காலேஜ் பயல் அந்தப் பக்கம் திரும்பி ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் ஓடிவரும் தூரத்தை அடி எண்ணி அளந்தேன்.

"ரெண்டு ஸ்லிப் வை மாப்ள" என்றேன்.

"ஒண்ணு போதாதா மாமா?"

"வை மாப்ள. பந்து வெளிய போகும். மட்டையில பட்டா அங்கனதான் வரும்."

வைத்தான். லெக் பக்கம் பின்னால் ஆளே இல்லை. ஓடிவந்து போட்டேன். கை தானாகச் செருப்புக்கு ஒரு சாண் வலப்பக்கம் பார்த்துப் போட்டது. பந்து பாதி தூரம் போயிற்று. ஒதுங்கும் என்று பார்த்தேன். அது ஒதுங்கவில்லை. நல்ல பிள்ளையாக நேரே போய் பேட்ஸ்மேனின் கால் பக்கத்தில் குத்தி எழுந்தது. அவன் மட்டையைச் சும்மா திருப்பினான். ஆளில்லாத பக்கத்தில் உருண்டு கோட்டைத் தாண்டியது.

முதல் பந்துதானே, கை இன்னும் சூடாகவில்லை என்று நினைத்தேன். கட்டைவிரலைச் சரிபார்த்துக்கொண்டேன். பந்தைத் தேய்த்தேன். அடுத்ததும் அதே இடத்தில் விழுந்தது, அதே இடத்துக்குப் போயிற்று. நாலு மாதம் உடம்பு நோக நான் தேடிய துல்லியம் அன்றைக்குத்தான் முழுசாகக் கைகூடியிருந்தது. ஒவ்வொரு பந்தும் இம்மி பிசகாமல் தப்பான இடத்தில் விழுந்தது. ஒன்று இன்னும் லெக் பக்கம் தள்ளிப் போய் வைடு ஆயிற்று. அந்தப் பேட்ஸ்மேன் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. இவர் ஏன் இப்படிப் போடுகிறார் என்ற குழப்பம்தான் இருந்தது.

மச்சினன் ஓடிவந்தான். "மாமா, கொஞ்சம் வெளிய தள்ளிப் போடுங்க."

"இரு மாப்ள. போகும்."

"போகாது மாமா" என்றான் மெதுவாக. எனக்கு அது காதில் விழுந்தது. அர்த்தம்தான் விழவில்லை. தள்ளிப் போடத்தான் பார்த்தேன். மனம் ஆஃப் ஸ்டம்பைப் பார்த்தது, கை பழகிய இடத்துக்கே போயிற்று. அவன் ஒரு ஸ்லிப்பை எடுத்து லெக் பக்கம் நிறுத்தினான். அடுத்த ஓவரில் இன்னொரு ஸ்லிப்பையும் எடுத்தான். அதற்குப் பிறகு பந்து என் கைக்கு வரவில்லை. கோட்டோரமாக நின்று, வருகிற பந்தைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலேஜ் பயல் புழுதி கிளப்பிப் போட்டு மூன்று பேரை எடுத்தான். நானும் கைதட்டினேன். தோள் வலித்ததால் இடது கையால் தொடையில் தட்டினேன். ஆனாலும் தோற்றுப்போனோம். தொடக்கத்தில் போன ரன்களை யாராலும் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

வேனில் ஊருக்குத் திரும்பினோம். பின் சீட்டில் பசங்கள் தூங்கிவிட்டார்கள். நானும் மச்சினனும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பொழுது இன்னும் இருட்டவில்லை. சின்னமனூரை நெருங்கும்போது கிழக்கே காற்றாலைகள் தெரிந்தன. ஜன்னலில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றுகூடச் சுற்றவில்லை. இறக்கையை விரித்தபடி எல்லாம் சும்மா நின்றுகொண்டிருந்தன.

ஆடியில் இதே சாலையில் வரும்போது அவை சுற்றிய சுற்று ஞாபகம் வந்தது. புழுதி ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் பிடித்தாலும் கிழக்கே போன பந்து, கிழக்கே ஒதுங்கி வந்த மச்சினனின் எறி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் மடியில் உட்கார்ந்தன. மேற்கே மலை. வடக்கிலிருந்து தெற்கே பந்து. குறுக்கே காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நடக்கப் பழகிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில், ஒரு பந்து ஒதுங்கியதை என் கட்டைவிரலின் திறமை என்று நான் நம்பியிருக்கிறேன். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் காற்றைப் பார்த்து நிற்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது.

"மாப்ள, அது பூராவும் காத்துதான்லே" என்றேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"ஆடியில காய்ச்சல்னு ஒரு நா நீங்க வரலைல்ல. சும்மா இருக்கமேன்னு நான் போட்டுப் பாத்தேன். எனக்கும் வெளிய போச்சு. அந்தக் காலேஜ் பயலைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அவனுக்கும் போச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நாள் ஒரு ஆளை இப்படியா கிறுக்கனாக்குவது? "ஏன்லே எங்கிட்டச் சொல்லல?"

"எங்கிட்டு மாமா சொல்றது? சொல்லிப்புடுவோம்னுதான் மறுநா வந்தேன். காய்ச்சலோட வந்து செருப்பக் கழட்டி வைக்கிறீக." அவன் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சுவிங் காத்துதான்னாலும், செருப்பு மேலதான தெனமும் விழுது, அது போதும், அது ஒங்க கைதானன்னு நெனச்சேன் மாமா. அத நம்பித்தான் பந்தைக் கொடுத்தேன்."

"அதுவும் காத்துதான்" என்றேன்.

"ஆமா மாமா. அது எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இவனும் நானும் சேர்ந்துதான் ஏமாந்திருக்கிறோம். என்னை விட அவன் கொஞ்சம் தெரிந்தே ஏமாந்திருக்கிறான். அவனிடம் எனக்குப் பிரியம் பொங்கியது. அதைச் சொல்லும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னேன்.

"அடுத்த மேட்சுல இருந்து முத ஓவரை அந்தப் பயகிட்டயே கொடுத்துரு மாப்ள."

"சரி மாமா" என்றான்.

உடனே சொல்லிவிட்டான். எனக்குப் பேச நிறைய இருந்தது. இல்லை மாமா, அப்படியெல்லாம் இல்லை என்று ஒருமுறையாவது மறுப்பான், அப்போது சொல்ல வேண்டும் என்று, கடை வேலை, வயது, தோள் என்று மூன்று காரணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவற்றை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. வேன் உத்தமபாளையத்தைத் தாண்டியது. அவன் தோள்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன, மூட்டையை இறக்கி வைத்தவனைப் போல. சித்திரையிலிருந்து அவன் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

வீட்டுக்குள் நுழைந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் மனைவி ஸ்கோர் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் வெந்நீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஒத்தடத் துணியை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இனிமே இது வேணாம்" என்றேன். "முத ஓவர் இல்ல எனக்கு. அந்தப் பயலுக்குக் கொடுத்தாச்சு."

எப்படியும் நிம்மதி என்பாள் என்று நினைத்தேன். அவள் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள்.

"ஓவருக்கும் தோளுக்கும் என்ன? வலிக்குதா இல்லையா?"

"வலிக்குது."

"அப்ப சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க."

கழற்றும்போது நல்ல கைதான் முதலில் வர வேண்டும். இடது கையை உருவினேன். வலது கையை அவளே பிடித்து மெல்ல வெளியே எடுத்தாள்.